துப்பறியும் கதையும் நம் மாணவரும்

(தமிழாசிரியர் ஒருவர் எழுதியது)

உலகப் புகழ் வாய்ந்த துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் நம் திருகோணமலைக்கு ஒருமுறை வந்து சென்றார் என்று கூறினால், இம்மலரைக் கையிலேந்தியிருக்கும் பழைய மாணவருட் பலர் நகைப்பர். எனினும் இச்செய்தி அச்சேறிய செய்தியே. 1891 ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலண்டன் மாநகரில் வெளிவந்த ‘ஸ்ட்ராண்ட்’ என்னும் சஞ்சிகையில் ஆர்தர் கொனன் டொயில் எழுதிய சிறுகதை ஒன்றின் தொடக்கத்தில், ஹோம்ஸ் அண்மையில் முடித்துவைத்த வழக்குகள் சிலவற்றை அவர் நண்பர் வாட்ஸன் எண்ணிப் பார்க்கிறார். அவற்றுள் ஒன்று, திருகோணமலையில் அட்கின்ஸன் சகோதரர்க்கு நேர்ந்த துயர முடிவு பற்றிய வழக்கு. அவ்வளவே. அச்சகோதரர் யாவர், அவர்க்கு நேர்ந்தது யாது, ஹோம்ஸ் அதனை எங்ஙனம் துலக்கினார் என்பனவற்றை ஆசிரியர் பின்னர் எக்கதையிலும் விரித்துரைத்தாரல்லர். ஆங்கிலப் போர்க் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்ற நம் துறைமுகத்தின் பெயர் அக்காலத்து ஆங்கில வாசகர்க்கு நன்கு அறிமுகமான பெயர். தொலைவையும் மர்மத்தையும் ஒருங்கே சுட்டும் பெயர். அதனாலேயே கதாசிரியர் அதனை எடுத்தாண்டார் போலும்.

ஒரு வரியிலேனும் நம் ஊர் இடம்பெற்றதே என்று மகிழ்தற்கு மட்டும் யான் இதனை ஈண்டு எழுதினேன் அல்லேன். கற்பனைத் துப்பறிவாளர் ஒருவர் நம் துறைமுகத்துக்கு வந்து ஒரு கொலையின் முடிச்சை அவிழ்த்துச் சென்றார். மெய்யான துப்பறிவாளர் வரவேண்டிய காலத்தில் நம் ஊருக்கு யார் வந்தனர்? இவ்வினாவை என்னிடம் எழுப்பியவன் ஒரு மாணவன். அவன் எழுப்பிய சூழ்நிலையையும், அதனால் என் கருத்து மாறிய வகையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரிய கலாசாலையில் யாம் பயிற்சி பெற்ற நாட்களில், எமக்கு இலக்கியம் கற்பித்த பெரியார் ஒருவர் துப்பறியும் நாவல்களை நச்சு நூல்கள் என்றே குறிப்பிடுவார். சங்க இலக்கியமும் பத்திப் பாடலும் பயின்ற நாவுக்கு அவை புளித்த கள் என்பார். அவ்வுரையை யான் வேதவாக்காகக் கொண்டேன். வகுப்பறையில் மர்ம நாவல் எதனைக் கண்டாலும் பறித்து, ஆசிரியர் ஓய்வறை அலுமாரியிற் பூட்டிவைப்பதை என் கடமைகளுள் ஒன்றாகக் கருதி வந்தேன். இவ்வாறு பறித்தவற்றுள் ஒன்றையேனும் யான் படித்ததில்லை. படியாமலே தீர்ப்பளித்தேன். அது நீதியாகுமா என்ற ஐயமும் எனக்கு அந்நாளில் எழவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பிற் பாடம் நடத்துகையில், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் தமிழ்மொழியும் இலக்கியமும் என்னும் பாடநூலை விரித்து, அதற்குள் கைக்கடக்கமான மர்ம நாவல் ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். வழக்கம்போற் பறித்தேன். பாடம் முடிந்தபின் அவனை அழைத்து, “இதில் என்ன கண்டாய்?” என்று சினத்துடன் வினவினேன். அவன் அச்சத்துடன் தொடங்கினான். ஆனால் சிறிது நேரத்தில் அச்சம் அகன்றது. கொலை நிகழ்ந்த அறையின் சாளரம் எப்பக்கம் திறந்திருந்தது, வேலைக்காரன் கூறிய நேரம் ஏன் பொருந்தவில்லை, இறந்தவரின் கைக்கடிகாரம் எதனை உணர்த்துகிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, கொலைஞன் இன்னான்தான் என்று தான் நூலை முடிக்குமுன்னரே துணிந்ததற்குக் காரணங் காட்டினான். கட்டுரை எழுதுக என்றால் நான்கு வரிக்கு மேற் செல்லமாட்டாத மாணவன் அவன். முன்னுரையும் பொருளும் முடிவுரையும் அமைந்த ஒரு கட்டுரையை அன்று அவன் வாயினின்றும் கேட்டேன்.

பேசி முடித்தவன் சற்றே தயங்கிப் பின் ஒன்று கேட்டான்: “சேர், கதைகளிலே கொலைகாரன் கடைசிப் பக்கத்திலாவது பிடிபடுகிறானே, நம்முடைய ஊரில் ஏன் ஒருவரும் பிடிபடவில்லை?”

யான் விடை கூறவில்லை. நூலை அவனிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். அன்று மாலை அலுமாரியைத் திறந்து, பூட்டிவைத்த நூல்களை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப்பின் பயனே இக்கட்டுரை.

தமிழிற் துப்பறியும் கதை

துப்பறியும் கதை தமிழுக்கு நேற்று வந்த விருந்தன்று. முதல் தமிழ் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879 இல் வெளியிட்ட வேதநாயகம்பிள்ளை, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பு வழங்கியவர். நம் திருகோணமலை ஈன்ற தி. த. சரவணமுத்துப்பிள்ளை மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை 1895 இல் வெளியிட்ட அதே காலப்பகுதியில், பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் பொலிஸ் நிபுணன் துலக்கிய குற்றங்களைக் கதைகளாக எழுதினார். 1908 இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் இராஜாம்பாள் வெளிவந்தது. அதில் வரும் துப்பறிவாளன் கோவிந்தன் வீடுதோறும் அறியப்பட்டவனானான். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நூல்களை எழுதிக் குவித்தனர். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950 இல் திரைக்கும் வந்தார்.

பின்னர் தேவன் 1942 இல் துப்பறியும் சாம்புவைப் படைத்தார். அறிவால் அன்றி, அசட்டுத்தனத்தாலும் தற்செயலாலும் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் அந்த வங்கி எழுதுவினைஞர், துப்பறிவாளர் குலத்தையே எள்ளி நகையாட வந்தவர். அவரைத் தொடர்ந்து, மேசைமேற் காலை நீட்டித் தேநீர் பருகிச் சிந்திக்கும் சங்கர்லாலைத் தமிழ்வாணன் தந்தார். சுஜாதா கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர் இருவரைத் தந்தார். ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர் ராஜேஷ்குமார். போர் நடந்த ஆண்டுகளில் மின்சாரமின்றிக் குப்பி விளக்கின் ஒளியில், பக்கங்கள் கழன்ற இந்நாவல்களை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் படித்த பழைய மாணவர் பலர் உளர். அவர்கள் இதனை வாசிக்கும்போது தம்முள்ளே முறுவலிப்பர் என்பது திண்ணம்.

அறிவுப் பயிற்சி

இக்கதைகளாற் பயன் யாது? பயன் உண்டு, அது நம் முன்னோர் போற்றிய பயனே. மெய்ப்பொருளை அறிதற்குக் காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளைச் சைவ சித்தாந்த நூல்கள் வகுத்துள்ளன. கண்ணாற் காண்பது காண்டல்; கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல்; நம்பத்தகுந்தார் வாய்மொழி உரை. மணிமேகலைக் காப்பியம் இவ்வளவைகளை ஒரு காதை முழுதும் விரித்துக் கூறும். புகையைக் கண்டு நெருப்பு உண்டென உணர்தலே கருதலளவைக்கு நம் ஆசிரியர் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. சப்பாத்திற் படிந்த சேற்றைக் கண்டு, அதனை அணிந்தவன் எத்தெருவழி வந்தான் என்று ஹோம்ஸ் உரைப்பதும் அதே அளவையன்றோ? பொய்யான காண்டல் எது, வழுவுள்ள கருதல் எது, நம்பத்தகாத உரை எது என்று பிரித்தறியும் பயிற்சியை நல்ல துப்பறியும் கதை, பாடம் என்று தெரியாத வகையிற் கொடுத்துவிடுகின்றது.

இனி, நம் காப்பியங்களுள் தலையாயதாகிய சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். அது விசாரணை செய்யப்படாத வழக்கொன்றின் கதையாகும். பொற்கொல்லன் ஒருவன் கூற்றை மட்டும் கேட்டுப் பாண்டியன் ஆணையிட்டான். சாட்சி விசாரிக்கப்படவில்லை, களவுபோன சிலம்பும் கைப்பற்றிய சிலம்பும் ஒப்பு நோக்கப்படவில்லை, குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு விடை கூறத் தவணை கொடுக்கப்படவில்லை. அரசன் செய்யாது விட்ட ஆராய்ச்சியைக் கணவனை இழந்த கண்ணகி அரசவையிற் செய்து முடித்தாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து. தன் சிலம்பின் பரல் மாணிக்கம். வினா ஒன்று, விடை ஒன்று, சிலம்பை உடைத்துக் காட்டிய சான்று ஒன்று. மாணிக்கப் பரல் தெறித்த கணத்தில் வழக்கு முடிந்தது. பருப்பொருட் சான்றினால் உண்மையை நிலைநாட்டும் காட்சிகளுள் இதனினும் சிறந்ததை எந்நாட்டுத் துப்பறியும் நூலிலும் யான் கண்டதில்லை. செங்கோன்மையின் இலக்கணத்தைக் கூறப் புகுந்த வள்ளுவரும் ஆராய்தலையே முதற்கண் வைத்தார். எனவே, துப்பறியும் கதையை வெறுப்போர் தாம் போற்றும் இலக்கியத்தின் உயிர்நாடியையே மறந்தவராவர்.

இக்காலத்துக் கொலைஞர் கதைகள்

இவ்வாறு கூறுவதால், மர்மக்கதை என்னும் பெயர் பூண்டு வருவன யாவற்றையும் யான் ஆதரிக்கின்றேன் என்று கொள்ளற்க. அண்மைக் காலத்தில் ஒருவகைக் கதை பெருகிவிட்டது. அதிலே கொலை ஒன்றன்று. ஒருவனே பலரை, ஒரே முறையில், அடுத்தடுத்துக் கொல்கிறான். முதிர்ந்த பொலிஸ் அதிகாரி ஒருவர் அவனைத் தேடித் திரிகிறார். 1978 இல் வந்த சிகப்பு ரோஜாக்கள், 2006 இல் வந்த வேட்டையாடு விளையாடு, 2018 இல் வந்த ராட்சசன் எனத் திரைப்படங்களிலும் இவ்வகை நன்கு வேரூன்றிவிட்டது. மாணவர் இவற்றை விரும்பிப் பார்க்கின்றனர். பார்க்கவேண்டாம் என்று தடுக்கவும் இயலாது. கைத்தொலைபேசி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது.

இக்கதைகளிற் பலவற்றின்மீது யான் சாட்டும் குற்றம் மூன்று. முதலாவது, கொலைஞனை மாபெரும் அறிவாளியாக்கிக் காட்டுதல். அவன் மாளிகையில் வாழ்கிறான், இசை கேட்கிறான், அதிகாரிகளுக்குப் புதிர் அனுப்பி விளையாடுகிறான். இரண்டாவது, கொலையுண்டவரை வெறும் உடலாக்குதல். பெரும்பாலும் பெண்களாகிய அவர்க்குப் பெயருமில்லை, வீடுமில்லை, அழுவாருமில்லை. எண்ணிக்கை மட்டும் உண்டு. மூன்றாவது, முடிவில் நீதிமன்றத்தை வேண்டாத பொருளாக்குதல். கதாநாயகன் கொலைஞனைத் தன் கையாலேயே கொன்றுவிட, அரங்கிலுள்ளோர் கைதட்டுகின்றனர். விசாரணையின்றிக் கொல்லுதல் பாண்டியன் செய்த பிழை அன்றோ? அப்பிழைக்கு மதுரை எரிந்தது என்று வகுப்பறையிற் கற்பிக்கும் நாம், அரங்கில் அதற்கே கைதட்டலாமா?

மெய்யான வழக்கு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். 1968 ஆம் ஆண்டில் பம்பாய் நகரின் வடபுறத்துச் சேரிகளிலும் நடைபாதைகளிலும் உறங்கிய ஏழை மக்கள் இரவில் தலையில் அடித்துக் கொல்லப்பட்டனர். ஒரே வகையான கொலைகள். சில ஆண்டுகளுக்கு முன்னும் அத்தகையன நிகழ்ந்திருந்தன. குற்றப்பிரிவின் தலைவராக இருந்த ரமாகாந்த் குல்கர்ணி பழைய ஏடுகளைத் தேடி எடுத்து விசாரணையைப் புதிதாகத் தொடங்கினார். அவ்வேடுகளில் ஒருவனது பெயர் இருந்தது. முன்னர் ஐயத்தின்பேரிற் பிடிபட்டுச் சான்றின்மையால் விடப்பட்டவன் அவன். ஆகஸ்ட் மாத இறுதியில், அலெக்ஸ் பியாலோ என்னும் உப பரிசோதகர் தெருவிற் சென்ற ஒருவனைக் கண்டு, ஏட்டில் இருந்த படத்தை நினைவுகூர்ந்து நிறுத்தினார். அவன் வேறு பெயர் கூறினான். ஆயினும் விரல் ரேகை பொய் கூறவில்லை. ராமன் ராகவ் என்னும் அம்மனிதன் ‘சிந்தி தல்வாய்’ என்னும் பெயரிற் பழைய ஏட்டில் இருந்தவனே என்று நிறுவப்பட்டது. உலகின் முதல் விரல் ரேகைக் காரியாலயம் 1897 இல் கல்கத்தாவிலேயே தொடங்கப்பட்டது என்பதையும், அதன் முறையை வகுத்தவருள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர் இருந்தனர் என்பதையும் நம் மாணவர் அறிதல் நன்று.

பிடிபட்டவன் மாளிகைவாசியல்லன், மதிநுட்பம் மிக்க மாயாவியும் அல்லன். வீடின்றி அலைந்த மனநோயாளி. நாற்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றதாக அவன் ஒப்புக்கொண்டான். விசாரணை நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. மேல் நீதிமன்றமோ மனநோய் வைத்தியர் மூவரைக்கொண்டு அவனைப் பரிசோதிப்பித்து, நோயின் தன்மையை உணர்ந்து, தண்டனையை ஆயுட்சிறையாகக் குறைத்தது. அவன் 1995 இற் சிறைவாசத்திலேயே நோயால் இறந்தான். இவ்வழக்கில் வீரசாகசம் ஏதுமில்லை. பழைய ஏடு, ஒரு படம், ஒரு விரல் ரேகை, நினைவாற்றல் மிக்க ஓர் உப பரிசோதகர், பொறுமை மிக்க ஓர் அதிகாரி, சினத்துக்கு இடங்கொடாத ஒரு நீதிமன்றம் ஆகிய இவையே உண்மையைக் கண்டன. கொல்லப்பட்டோர் யாவரும் நடைபாதை மக்கள். அவர்களுக்காக ஒரு மாநகரத்தின் பொலிஸ் படை முழுவதும் உறங்காதிருந்தது. அதுவே அவ்வழக்கிற் போற்றத்தக்க செய்தி.

திரைப்படங்களிலும் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2023 இல் விக்னேஷ் ராஜா இயக்கிய போர் தொழில் என்னும் படத்தில், திருச்சிப் பகுதியிற் பெண்களைக் கொல்லும் ஒருவனை முதிய அதிகாரி ஒருவரும் பயிற்சி நிலையிலுள்ள இளைஞன் ஒருவனும் தேடுகின்றனர். முதியவர்க்கு அநுபவம் உண்டு. இளைஞனுக்கு ஏட்டறிவு உண்டு, அச்சமும் உண்டு. அச்சமுடையவன் இத்தொழிலுக்குத் தகுதியற்றவன் அல்லன், அஞ்சி ஓடுபவனே தகுதியற்றவன் என்னும் கருத்து அப்படத்தில் அழகுற அமைந்திருக்கின்றது. குழந்தைப் பருவத்து வன்முறை ஒருவனை எத்திசைக்குத் தள்ளும் என்ற வினாவையும் அது எழுப்புகின்றது. ஆசிரியராகிய நமக்கும் பெற்றோர்க்கும் அவ்வினா உரியதே. இத்தகைய படத்தை வகுப்பில் எடுத்துப் பேசுவதால் யாதும் கெட்டுவிடாது.

நம் ஊரின் வினா

இனி அம்மாணவன் கேட்ட வினாவுக்கு வருகின்றேன். அதனைத் தவிர்த்துவிட்டு இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

2006 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆந் திகதி மாலை, நம் கடற்கரையிற் காந்தி சிலைக்கு அண்மையில் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். இருபது வயதையொட்டிய இளைஞர். மேற்படிப்பின் வாயிலில் நின்றவர். அவர்கள் தாம் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என்று முதலிற் கூறப்பட்டது. உடல்களிற் துப்பாக்கிக் குண்டுக் காயங்கள் இருந்தன என்பதைப் பத்திரிகையாளர் ஒருவர் எடுத்த படங்கள் உலகுக்குக் காட்டின. அதே மாதம் 24 ஆந் திகதி அப்பத்திரிகையாளர் நம் நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 4 ஆந் திகதி துறைமுகத்துக்கு அப்பால் மூதூரில், தொண்டு நிறுவன ஊழியர் 17 பேர் கொல்லப்பட்டனர். ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டு இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஆராய்ந்தது. மாணவர் கொலை தொடர்பாக 2013 இற் பொலிஸ் விசேட அதிரடிப் படையினர் உட்படப் பதின்மூவர் கைது செய்யப்பட்டனர். 2019 ஜூலையில், சான்று போதாது என்று நம் நகர நீதவான் நீதிமன்றம் அவர் அனைவரையும் விடுவித்தது. முக்கிய சாட்சிகள் அதற்கு நெடுநாள் முன்னரே நாட்டைவிட்டு நீங்கியிருந்தனர்.

வேட்டையாடு விளையாடு என்னும் படம் அரங்குகளில் ஓடியதும் அதே 2006 ஆம் ஆண்டிற்றான். கடல் கடந்து அமெரிக்கா வரையிற் சென்று கொலைஞரைத் தேடும் அதிகாரி ஒருவரைத் திரையிற் கண்டோம். நம் கடற்கரைக்கு அத்தகையார் ஒருவரும் வந்திலர்.

இதிலே சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹோம்ஸ் என்னும் பாத்திரம் முதன்முதலில் தோன்றியது 1887 இல். அடுத்த ஆண்டாகிய 1888 இல் இலண்டன் கிழக்குப் பகுதியில் ஏழைப் பெண்கள் பலர் ஒருவன் கையாற் கொலையுண்டனர். அவன் இன்றுவரை இன்னான் என்று துணியப்படவில்லை. மெய்யுலகிற் பிடிபடாத கொலைஞன் நடமாடிய அதே நகரில், எக்கொலைஞனையும் தப்பவிடாத கற்பனைத் துப்பறிவாளனை மக்கள் தலைமேற் கொண்டாடினர். நீதி கிட்டாத ஊரிலேயே நீதிக் கதைக்கு ஆவல் மிகும் போலும். நம் மாணவர் மர்மக் கதைகளை விழுந்து விழுந்து படிப்பதற்கும், நம் பழைய மாணவர் குப்பி விளக்கில் அவற்றைப் படித்ததற்கும் இதுவும் ஒரு காரணமாகலாம். பசித்தவன் சோற்றைக் கனவிற் காண்பது இயல்பன்றோ?

கனவினாற் பசி தீராது என்பர். உண்மையே. கடைசிப் பக்கத்திற் கொலைஞன் பிடிபட்டவுடன் நூலை மூடி நிம்மதியாக உறங்கிவிடுவோமாயின், துப்பறியும் கதை நமக்குத் தீங்கே செய்தது என்பேன். ஆனால் அக்கனவு மற்றொன்றும் செய்கின்றது. கொலை என்றால் அதற்கு விடை ஒன்று இருத்தல்வேண்டும், இறந்தவர் யாவராயினும் அவர் பொருட்டு ஒருவர் வினவுதல்வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை இளம் உள்ளத்தில் அணையாமற் காக்கின்றது. அம்மாணவன் அவ்வினாவைக் கேட்டது எதனால்? நாற்பது மர்ம நாவல்களைப் படித்ததனாலேயே. அவற்றைப் பறித்துப் பூட்டி வைத்த என்னிடம் அவ்வினா எழவில்லை. எழுந்திருந்தாலும் வாய் திறந்து கேட்டிருக்க மாட்டேன். வினாக் கேட்கப் பழகிய மாணவனைக் கண்டு அஞ்சும் ஆசிரியன் ஆசிரியனல்லன்.

துப்பறியும் கதைகள் நம்மிடம் மறைத்துவிடும் உண்மை ஒன்றுண்டு. அதனையும் மாணவர்க்குச் சொல்லியாகவேண்டும். வழக்குகளைத் துப்பறிவாளர் தனியராய் முடிப்பதில்லை. சாட்சி சொல்வோரே முடிக்கின்றனர். கண்டதைக் கண்டபடி கூறும் ஒருவர், நேரத்தையும் இடத்தையும் குறித்து வைத்த ஒருவர், படம் எடுத்த ஒருவர், ஏட்டைக் கிழியாது காத்த ஒருவர் ஆகிய இவர்கள் இல்லையேல் ஹோம்ஸே வரினும் பயனில்லை. நம் ஊரிற் படமெடுத்தவர் உயிரை இழந்தார். கண்டவர் நாட்டை இழந்தனர். அங்ஙனமாயின் நம் ஊருக்குத் துப்பறிவாளர் இல்லாத குறையினும், சாட்சிகளைக் காக்கும் காவல் இல்லாத குறையே பெரிது. இதனைக் கூறுவது ஒரு சாராரைப் பகைத்தற்கன்று. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்னும் மூவினத்தவரும் இத்துறைமுகத்தைச் சூழ்ந்து வாழ்கின்றனர். மூவினத்திலும் விடை கிடையாத மரணங்கள் உண்டு. விடைக்குக் காத்திருந்து கண் மூடிய தாய்மாரும் உளர்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

விழாக் காலத்திற் கல்லூரிக்குக் கட்டடமும் விளையாட்டுப் பொருளும் கணினியும் வழங்கப் பழைய மாணவர் பலர் முன்வருகின்றனர். அவர்க்கு என் நன்றி உரியதாகுக. அவற்றோடு மூன்று சிறு வேண்டுகோள்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்கின்றேன்.

ஒன்று: நம் கல்லூரி நூல்நிலையத்திற் துப்பறியும் நூல்களுக்கென ஓர் அலுமாரி அமைத்துத் தருக. இராஜாம்பாள் முதல் இக்கால நூல்கள் வரை, ஆங்கில நூல்களின் நல்ல தமிழாக்கங்கள் உட்பட, தக்கோர் ஆராய்ந்து தெரிந்தவை அதில் இடம்பெறட்டும். பறிமுதல் அலுமாரி ஒன்று பல ஆண்டுகள் இருந்தது. வாசிப்பு அலுமாரி ஒன்று இனி இருக்கட்டும். நும் வீட்டுப் பரண்களில் உறங்கும் பழைய நாவல்களை அனுப்பினாலே பாதி அலுமாரி நிறைந்துவிடும்.

இரண்டு: ஆண்டுதோறும் உயர்தர மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி ஒன்று நடத்துக. கற்பனைக் கொலையைப் பற்றியன்று. தம் ஊரில் தாம் கண்டதொரு நிகழ்ச்சியை, நாள், நேரம், இடம், கேட்ட சொல் என்பன பிழையாமல், மிகைப்படுத்தாமல் எழுதும் போட்டி. சந்தையில் நிகழ்ந்த சச்சரவாயினும் ஆகுக. மீன்பிடி வள்ளம் கரை சேர்ந்த காட்சியாயினும் ஆகுக. கண்டதை உள்ளவாறு எழுதக் கற்றவனே நாளை மன்றில் நின்று உள்ளவாறு உரைக்க வல்லவனாவான்.

மூன்று: சட்டம், வைத்தியம், இரசாயனம், பொலிஸ் சேவை ஆகிய துறைகளில் விளங்கும் பழைய மாணவர் தவணைக்கு ஒருமுறை கல்லூரிக்கு வந்து, குற்ற விசாரணை மெய்யாகவே எங்ஙனம் நடைபெறுகின்றது, பிரேத பரிசோதனை எதனை உணர்த்தும், சாட்சி கூறுவோரின் உரிமை யாது என்று மாணவர்க்கு உரையாற்றுக. திரையிற் கைதட்டிய பிள்ளை நீதிமன்றத்தின் பொறுமையையும் மதிக்கக் கற்பான். பின்வாங்கில் ஒளித்து நாவல் படித்த பிள்ளைகளுள் ஒருவன் நல்லதொரு சட்ட வைத்திய அதிகாரியாக வந்து, மெய்யான ஏடு ஒன்றைத் திறக்கும் நாளும் வரலாம்.

அம்மாணவன் இன்று கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டான். அவன் வினாவுக்கு அன்று யான் கூறாத விடையை இன்று இங்ஙனம் கூறுவேன்: தம்பி, கதையிற் கொலைஞன் பிடிபடுவதற்குக் காரணம், அதனை எழுதியவர் அவனைத் தப்பவிட மனங்கொள்ளாமையே. நம் ஊரின் கதையை எழுதுவோர் நாமே. கடைசிப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. கேட்ட வினாவை மட்டும் மறந்துவிடாதே.

வாழ்க நம் கல்லூரி! வளர்க மெய்யறிவு!